அந்த ஆந்தையை என் மகள் செய்யவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் உங்கள் நாளிதழில் பிள்ளைகளுக்கான பயிலரங்குகள், குடும்பத்தோடு போய்வர ஏற்ற இடங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறீர்கள். அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பவர்களில் நானும் ஒருத்தி. எந்த இடம், எத்தனை மணிக்கு, எந்த வயதுக்கு என்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது எதுவோ அது மட்டும் அதில் இருப்பதில்லை. அங்கே வேலையைச் செய்யப்போவது யார்? என் பிள்ளையா, சொல்லிக்கொடுக்க வந்தவரா?

போன விடுமுறையில் 8 வயது மகளை ஒரு களிமண் பயிலரங்குக்கு அழைத்துப்போனேன். இரண்டு மணி நேரம், இருபது பிள்ளைகள். மாதிரிக்கு ஓர் ஆந்தையைச் செய்து மேசை நடுவில் வைத்திருந்தார்கள், உருண்டைக் கண்ணும் கூர் மூக்குமாக அம்சமாக இருந்தது. பெற்றோர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் உடம்பைப் பிடித்து முடித்துவிட்டு, பல்குத்தும் குச்சியை எடுத்து முகத்தில் மெல்லியதாக இரண்டு கோடு இழுத்தாள். எனக்குப் புரியவில்லை. உதவிக்கு நின்றிருந்த பெண் வந்தார், "கண்ணை மறந்துட்டியேம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, இரண்டு உருண்டை உருட்டி அமுக்கினார். "இப்பப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு." மகள் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேரம் முடிந்ததும் இருபது ஆந்தையையும் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்தார்கள். எது யாருடையது என்று அடியில் எழுதிய பெயரைத் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், ரொம்ப நேரம் பேசாமல் வந்தவள், "பகல்ல ஆந்தை தூங்கும்தானேம்மா" என்றாள்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்ல மனதோடுதான் செய்தார். பின்னால் அத்தனை பெற்றோர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் கையில் உருப்படியாக ஒரு பொருளோடு வீடு திரும்ப வேண்டுமே என்ற பதற்றம் யாருக்கும் வரும். அந்தப் பதற்றத்தை அவர் தலையில் ஏற்றி வைத்தவர்கள் நாங்கள்தான். பிள்ளையை அழைத்துப்போக வந்ததும் எங்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியே "என்ன செஞ்சே, காட்டு" என்பதுதானே.

சொல்லிக்கொடுக்கவே கூடாது, பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. களிமண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை இன்னொன்றோடு ஒட்டும்போது சும்மா அமுக்கினால் நிற்காது. ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, அதே மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். மண் காயும்போது சுருங்கும், அப்போது கீறாமல் ஒட்டியது தனியே கழன்றுகொள்ளும். சூளையில் சுடப்போகிற பொருள் என்றால் தடிமனான இடத்தை உள்ளே குடைந்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகிப் பொருளையே உடைத்துவிடும். இந்த இரண்டையும் ஒரு பிள்ளைக்கு நிதானமாகக் காட்டிக்கொடுத்துவிட்டால், அப்புறம் அவள் ஆந்தை செய்வாளோ ஆகாயவிமானம் செய்வாளோ, அது அவள் பாடு. அன்றைக்கு எங்களுக்கு நடந்தது நேர் எதிர். உருவத்தைத் திருத்திக்கொடுத்தார்கள், உத்தியைச் சொல்லித்தரவில்லை. ஒட்டிய கண்ணில் ஒன்று மூன்றாம் நாளே உதிர்ந்துவிட்டது.

கத்தரிக்கோலும் இதே கதைதான். என் 5 வயது மகன் இடது கைக்காரன். சாதாரணக் கத்தரிக்கோல் வலது கைக்காகச் செய்தது. அதை இடது கையில் பிடித்து அழுத்தினால், அந்த அழுத்தம் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்காமல் விலக்கிவிடும், காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். போதாததற்கு வெட்ட வேண்டிய கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, "இவனுக்குக் கை இன்னும் சரியா வரலை" என்று வாங்கித் தாங்களே வெட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருப்பார் என்னும்போது, இருபது பிள்ளைகள் வரும் இடத்தில் இடது கைக் கத்தரிக்கோல் இரண்டு வாங்கி வைப்பது பெரிய காரியமா? வீட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்த அன்றைக்கு அவன் கையில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் வெட்டித் தள்ளினான், கரண்ட் பில் உட்பட.

அப்புறம் இந்தச் சான்றிதழ். ஒரு மணி நேரம் காகிதம் மடித்தாலும் பளபளவென்று ஒரு சான்றிதழ், சில இடங்களில் பதக்கம்கூட. பிள்ளைக்குச் சந்தோஷம்தானே, என்ன கெட்டுவிட்டது என்று நானும் நினைத்திருந்தேன். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, எந்தப் பேச்சும் இல்லாமல் அவர்கள் முன்பு வரைந்த அதே பேனாக்களை வகுப்பில் போட்டுவைத்துப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே கெடுதல் அந்தக் காகிதத்தில் இல்லை, "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதில் இருக்கிறது. பயிலரங்கு விளம்பரத்தின் முதல் வரியிலேயே "சான்றிதழ் வழங்கப்படும்" என்று போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டால், நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. டென்மார்க்கில் சி. டி. சோரென்சன் என்று ஒரு நிலவடிவமைப்பாளர் இருந்தார். பார்த்துப் பார்த்து அமைத்த விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டு, கட்டடம் கட்டும் இடங்களிலும் பழைய சாமான் கிடக்கும் இடங்களிலும்தான் பிள்ளைகள் மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அவருடைய யோசனையில் 1943-இல், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த நேரத்தில், கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் ஒரு திடல் திறந்தார்கள். ஊஞ்சல், சறுக்குமரம் என்று வழக்கமான எதையும் நம்பி அமைத்ததல்ல அது. பலகை, செங்கல், ஆணி, சுத்தியல், தோண்ட மண், மேற்பார்வைக்கு ஒரு பெரியவர். பிள்ளைகளே வீடு கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அது பிரிட்டனுக்குப் போய் அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது. பெரியவர் அங்கே இருந்தார் என்பதைக் கவனியுங்கள். சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று காட்டவும், ஆபத்து என்றால் தடுக்கவும் அவர் வேண்டும். சுவர் கோணலாக இருக்கிறதே என்று நிமிர்த்திக் கொடுக்க அல்ல.

வீட்டிலும் எனக்கு இது கைகொடுத்தது. அட்டைப்பெட்டி, கயிறு, துணி காயப்போடும் கிளிப், பழைய போர்வை, இவ்வளவையும் அறை நடுவில் போட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். முதல் பத்து நிமிஷம் "என்னம்மா பண்றது" என்று பின்னாலேயே வருவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பமாக வெளியே போவதிலும் இதே தவறைத்தான் செய்துகொண்டிருந்தோம். போன மாதம் ஓர் அறிவியல் மையத்துக்குப் போனோம். நான்கு தளம். எது முதலில், எது பிறகு என்று என் கணவர் வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்டிருந்தார். முதல் தளத்திலேயே, கூடத்தின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக, ஆள் உயரத்துக்கு இரண்டு குழிந்த தட்டுகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு தட்டின் குவியத்தில் வாயை வைத்து முணுமுணுத்தால், ஒலி தட்டில் பட்டுச் சிதறாமல் நேராகப் போய் எதிர்த்தட்டில் விழுந்து, அங்கே காதை வைத்திருப்பவரிடம் குவிகிறது, சுற்றிலும் கூட்டம் எவ்வளவு பேசிக்கொண்டிருந்தாலும். மகன் ஒரு பக்கம் நின்றான், என் மாமியார் எதிர்ப்பக்கம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், வீட்டில் பேரன் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கத்த வேண்டும். அன்றைக்கு அவன் வாய்க்குள்ளேயே சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அப்புறம் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை, வேறு பிள்ளை வந்தால் வழிவிடுவார்கள், போனதும் மறுபடி ஓடிப்போய் நிற்பார்கள். என் கணவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட வாயெடுத்தவர் என்ன நினைத்தாரோ, வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேல் மூன்று தளத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. பாட்டியும் பேரனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

தொட்டுப் பார்க்கவும் இயக்கிப் பார்க்கவும் பிள்ளைகளை விடும் இடங்கள் புதிதல்ல. பிள்ளைகளுக்கென்றே முதல் அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளினில் 1899-இலேயே வந்துவிட்டது. இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் கைபடாமல் பார்க்க முடியாத காட்சிப்பொருள்களுக்குப் பேர்போனது. ஆனால் இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்ததுக்கு அடுத்ததுக்கு என்று இழுத்துக்கொண்டே போனால் என்ன பயன்? அருங்காட்சியகம் பார்க்கிறவருக்கு வரும் அசதியைப் பற்றி, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916-இலேயே எழுதியிருக்கிறார். காட்சிப்பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படமெடுத்தே காட்டினார். வளர்ந்தவருக்கே அப்படி. 5 வயதுப் பிள்ளையின் கண் உயரத்துக்கு நாம் ஒரு தடவை முழங்காலிட்டுப் பார்த்தால் தெரியும், பாதிப் பெட்டிகளில் அவனுக்குத் தெரிவது மரச்சட்டமும் கண்ணாடியில் விழும் விளக்கு வெளிச்சமும்தான். அவன் அழுவது அடம் அல்ல.

ஐ.நா. 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்கிறது, கலைகளில் அவர்கள் சுதந்திரமாகப் பங்கெடுக்கலாம் என்கிறது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சுதந்திரமாக என்ற சொல்லைத்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பயிலரங்குக்கும் கூடுதலாக இரண்டு வரி சேர்க்க முடியுமா? எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், எல்லாரும் ஒரே பொருளைத்தான் செய்ய வேண்டுமா அல்லது அவரவர் நினைத்ததைச் செய்யலாமா. 5 வயதையும் 12 வயதையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்களா என்பதையும் கேட்டுப் போட்டால் நல்லது. வெளியிடங்களுக்கு, பிள்ளைகள் தொடலாமா, வயதானவர்கள் உட்கார இடம் உண்டா, ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தால் கிளப்பிவிடாமல் இருப்பார்களா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா. நடத்துகிறவர்களிடம் இதை நீங்கள் கேட்க ஆரம்பித்தாலே அவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள், நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அந்த ஆந்தையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு கண் உதிர்ந்த அன்று மகள் இன்னொன்றையும் நகத்தால் நெம்பி எடுத்தாள். காம்பஸ் முனையால் காய்ந்த மண்ணில் இரண்டு கோடு கீறினாள், ஒன்று கொஞ்சம் கோணல். இப்போது அது அவள் படிக்கும் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், உங்கள் நீண்ட நாள் வாசகி