அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த குழந்தையின்மைச் சிகிச்சை பற்றிய கட்டுரையில், செயற்கைக் கருத்தரிப்பு (ஐ.வி.எப்.) செய்துகொள்ளும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு இன்று வெற்றி கிட்டுகிறது என்றும், நம்பிக்கையும் பொறுமையும் இருந்தால் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி என்பதால் இக்கடிதத்தை எழுதத் துணிகிறேன்.

என் 39-ஆவது வயதில், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனிலுள்ள ஒரு மையத்தில் இரண்டு சுற்றுச் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். முதல் சுற்று ஆடி மாதத்தில் நடந்தது. குளிர்சாதனப் பெட்டியில் மாரியம்மன் கூழுக்கென்று வைத்திருந்த மோருக்குப் பின்னால், மாமியார் கண்ணில் படாமல், ஊசி மருந்தை ஒளித்து வைத்திருந்தேன். மூன்று கருமுட்டைகள் எடுத்தார்கள், ஒன்றுகூடக் கருவாகவில்லை. இரண்டாம் சுற்றில் கருப்பையில் கரு வைத்தார்கள், இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாயிற்று, ஸ்கேனில் இதயத் துடிப்பையும் பார்த்தேன். ஒன்பதாம் வாரத்தில் அது நின்றுவிட்டது. சில மாதங்கள் கழித்துப் பாக்கிப் பணத்தைக் கட்டப் போனபோது, வரவேற்பறைச் சுவரில் வெற்றி விகிதத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். இதில் என்னை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அங்கிருந்த செவிலியரைக் கேட்டேன். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. துடிப்பு தெரிந்ததால் இரண்டாம் சுற்று வெற்றியில் சேரும் என்றார்; முதல் சுற்றில் கருவே வைக்காததால் அது கணக்குக்குள் வராது என்றார். ஆக, இரண்டு முறை வெறுங்கையோடு வீடு திரும்பிய நான், அந்தச் சுவரில் நூற்றுக்கு நூறு.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டனில் 1991 முதல் இதற்கென்றே ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. அது வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வைக்கப்படும் ஒரு கருவுக்குக் குழந்தை உயிருடன் பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 32 விழுக்காடு. 43 வயதிலும் அதற்கு மேலும் சொந்தக் கருமுட்டையைப் பயன்படுத்துவோருக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அமெரிக்காவில், மையங்கள் தம் வெற்றி விகிதத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1992-லேயே சட்டம் இயற்றினார்கள். நம் தென்னாப்பிரிக்காவிலோ, விருப்பப்பட்ட மையங்கள் கொடுக்கும் விவரங்களை மொத்தமாகத் தொகுப்பதோடு சரி. அப்படியிருக்க, தங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் பத்துக்கு ஏழு எந்தச் சுவரிலிருந்து கிடைத்ததோ!

கட்டுரைக்கு மேலே ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளின் படத்தைச் சாதனையாகப் போட்டிருந்தீர்கள். குறைப்பிரசவ ஆபத்தைக் கருதி ஒரு நேரத்தில் ஒரே கருவை வைப்பதுதான் இன்றைய போக்கு. பிரிட்டனில் 1990-களில் இச்சிகிச்சையால் நேர்ந்த பிரசவங்களில் கால் பங்குக்கும் மேல் இரட்டையர் அல்லது அதற்கு மேற்பட்டோர். 2019-இல் அது 6 விழுக்காடு. முன்னேற்றம் என்று எழுத விரும்பியிருந்தால் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இது முதல் முறையும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் மகளிர் பக்கத்தில், படிப்பு, வேலை என்று பெண்கள் காலம் கடத்துவதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒருவர் எழுதினார். நான் 27 வயதில் மணமுடித்தவள். என் கணவர் பரிசோதனைக்கு வரவே ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதுவரை குறை என்னிடம்தான் என்று கோயில் வாசல் வரை பேச்சு. விந்தணுவின் வடிவத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் 1980-களில் நம் கேப் டவுனுக்கு அருகிலுள்ள டைகர்பெர்க் மருத்துவமனையில்தான் உருவானது. அப்படிப்பட்ட நாட்டில், ஓர் ஆண்மகனை டர்பனில் நாங்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஆய்வகத்துக்கு அழைத்துப் போவது மட்டும் ஆகாத காரியம். இதைப் பற்றி அப்போதே எழுதினேன். இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று பதில் வந்தது.

பொறுமை இருந்தால் போதுமாம். இரண்டாம் சுற்றுக்கு என் நகைகள் போயின. மருத்துவக் காப்புத் திட்டங்கள் கட்டாயம் தர வேண்டிய பட்டியலில் இதற்கான பரிசோதனைகள் உண்டே தவிர, ஐ.வி.எப். சிகிச்சை கிடையாது. அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால், தங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் என் தங்கை மகள் கடன் வாங்குமுன் ஒரு தரம் யோசித்திருப்பாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்துக்கு ஏழு என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி வெற்றி விகிதம் அச்சிடும்போதெல்லாம், அது எந்த வயதினருக்கு உரியது, தொடங்கிய சுற்றுகளை எண்ணியதா அல்லது கரு வைத்தவர்களை மட்டும் எண்ணியதா, குழந்தை பிறந்ததையா எண்ணினார்கள் என்பதையும் உடன் அச்சிடுங்கள். இடம் போதவில்லையென்றால், அதே கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப் பக்கமும் நிறைந்திருந்த கருத்தரிப்பு மைய விளம்பரத்திலிருந்து இரண்டு அங்குலம் எடுத்துக்கொள்ளலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஆடிக்கும் நான் அதே கோயிலில்தான் கூழ் வாங்க நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்