அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள்

மன்னார்க் கரையோரத்துச் சுற்றுலா இடங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். விடயம் உங்களுக்குப் புதிதல்ல. கடற்கரையில் மலசலகூடம் கட்டி, நாடா வெட்டி, பெயர்க்கல்லும் பதித்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எந்த இடம் என்று நான் எழுதத் தேவையில்லை. அதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாசி மாதம் கனடாவில் இருந்து மச்சாளும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒருநாள் கடல் பார்த்து வருவோம் என்று வான் பிடித்து, பதினொரு பேர் விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். மடு மாதா கோயிலில் கும்பிட்டு, திருக்கேதீச்சரம் சிவன் கோயிலில் பாலாவித் தீர்த்தத்தையும் பார்த்தோம். அந்த இரண்டு இடத்திலும் ஒரு குறையும் இல்லை. மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதிக்கு முன்னால், வங்காலைப் பக்கம், பூநாரைகள் கூட்டமாக நின்றன. சின்னவன் எண்ணத் தொடங்கி இருநூறோடு விட்டுவிட்டான். பள்ளிமுனைப் பெருக்க மரம் (பாவோபாப்) சுற்றளவில் 19 மீற்றருக்கு மேல். பத்துப் பேர் கைகோத்தும் எட்டவில்லை.

பதினோராவது ஆள் என் மாமி. அவ வானை விட்டு இறங்கவில்லை.

மாமிக்கு 72 வயது, சீனி வருத்தம். பழைய கப்பல் துறையான தலைமன்னார்ப் பாலத்தடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதே அவதான். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முன், அவவின் தகப்பன் இந்தப் பாலத்தடியில்தான் கப்பல் ஏறி இந்தியா போய் வந்தாராம். ஆனால் திருக்கேதீச்சரம் தாண்டியதில் இருந்து மாமி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. நான் போத்தலை நீட்டும்போதெல்லாம் "வேண்டாம் பிள்ளை, நீங்கள் குடியுங்கோ" என்றா. எனக்குக் காரணம் விளங்கவே மத்தியானம் ஆகிவிட்டது. மன்னார் வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடத்தைக் கண்டதும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டு கறள் பிடித்திருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தால் வெள்ளை மாபிள் பளபளக்கிறது; கொமெட்டில் சுற்றிவந்த பொலித்தீன்கூட இன்னும் கழற்றப்படவில்லை. பக்கத்துக் கடைப் பெடியன், "திறப்பு ஐயாவிட்ட இருக்கு, அவர் கிழமைக்கு ஒருக்கா வருவார்" என்றான்.

பிறகு என்ன செய்வது? பனை வடலிக்குப் பின்னால் நானும் மச்சாளும் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடற்காற்று அதை ஒரு நிமிடம் நிற்கவிடவில்லை. ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டேன். வீதியால் ஒரு பஸ் போனது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனிசி அவ. திரும்பி வந்து சீற்றில் இருந்தவ தலை நிமிரவே இல்லை. பாலத்தடிக்குப் போனபோதும் கண்ணாடியால் பார்த்துவிட்டு, "எப்ப பிள்ளை வீட்டை போவம்?" என்று மட்டும் கேட்டா.

அரிப்பு என்ற கரையோர ஊருக்குப் போகவில்லை. 1800களின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய டொரிக் மாளிகையைப் பிள்ளைகளுக்குக் காட்ட இருந்தோம். கடல் அந்தக் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. பிள்ளைகள் அடுத்தமுறை வரும்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆனாலும் மாமியை இன்னும் இரண்டு மணித்தியாலம் அப்படியே வைத்திருக்க மனம் வரவில்லை.

முந்திய வருடம் நுவரெலியாவுக்குப் போனோம். இறம்பொடைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினால் அங்கேயே போய்வரலாம். மாமி அந்த வளைவு வீதி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தா. அதே மனிசி சொந்த மாகாணத்துக் கடலைப் பார்க்க வந்து இப்படித் திரும்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வடக்குக்கு வாருங்கள் என்று பலகை வைக்கிறீர்கள், விழா எடுக்கிறீர்கள். யாரை வரச் சொல்கிறீர்கள்? ஆம்பிளைகளை மட்டுமா? எங்களுக்காவது இது ஒருநாள் கஷ்டம். அதே கரையில் கருவாடு காயப்போடும் பெண்களுக்கு ஒவ்வொரு நாளும் இதுதான். மாதவிடாய் நாளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கூட்டங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்களுக்கும் சிரமங்கள் இருக்கும். தீவுப் பக்கம் நல்ல தண்ணீருக்குக் கஷ்டம் என்பதும் தெரியும். சரி, ஆளுக்கு 50 ரூபாய் வாங்குங்கள், சந்தோசமாகத் தருவோம். அந்தக் காசில் அந்த ஊர் அம்மா ஒருவருக்கு வேலை கொடுத்து, திறப்பையும் அவவிடமே கொடுங்கள். கட்டடம் இருக்கிறது, கதவு இருக்கிறது. பூட்டைத்தான் திறக்கச் சொல்கிறேன்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வருகிறோம். அப்படியே அரிப்புக்கும் போவோம் என்று மாமியிடம் சொன்னேன். "நான் வீட்டில நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்கிறா. தயவுசெய்து அதற்கு முன்னர் திறந்துவிடுங்கள். திறந்துவிட்டார்கள் என்று சொல்லி அவவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
வவுனியாவில் இருந்து ஒரு மருமகள்