ஸ்டூல் போட்டார்கள், இருக்க விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் சேலை செக்‌ஷனில் 11 வருடம் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு கடை அடைக்கும்வரை கால் மடங்காது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், 2018-லேயே கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாகிவிட்டது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். எங்கள் கடையிலும் செக்‌ஷனுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. சந்தோஷப்பட்டோம்.

ஆனால் யாராவது உட்கார்ந்தால், சேலை பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே சூப்பர்வைசர், "இங்க இருக்கவா வந்த? வீட்ல போய் இரு" என்று சத்தம் போடுவார். அன்று ராத்திரி கேமராவில் எடுத்த படம் கடை வாட்ஸ்அப் குழுவில் வரும். மறுநாள் சம்பளத்தில் 200 ரூபாய் பிடிப்பு.

என் பக்கத்தில் நின்ற பிள்ளை ஒருத்தி, மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். அந்தப் படமும் வந்தது. ஆண்களும் இருக்கிற குழு அது. மறுநாள் முதல் அவள் வரவில்லை. அந்த மாதம் உழைத்த 19 நாள் சம்பளத்தைக் கேட்டு வாங்கக்கூட அவளுக்கு அந்தப் படி ஏற மனமில்லை. நான் அன்று வாயைத் திறக்காமல் சேலை மடித்துக்கொண்டு நின்றேன். அது இன்றும் உறுத்துகிறது.

பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டம் இருக்கிறது, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். தினமும் நாலு பேர் முன்னால் கேவலப்படுத்துவதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அதைக் கொண்டுவர வேண்டும். இருக்கிற சட்டமாவது எங்களுக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கம் கேட்காமல் அபராதம் போடக்கூடாது. போட்டாலும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்த முடியாது. இதெல்லாம் வேலையை விட்ட பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். காலை பதினொரு மணிக்கு வந்து ஸ்டூலை எண்ணிவிட்டுப் போகாதீர்கள். ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ முந்தின வாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள். மேனேஜர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளைகளிடம் பேசுங்கள். அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழுவையும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் துணிக்கடை ஊழியர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்