இசக்கிக்கு: திருச்செந்தூரிலிருந்து உவரிக்கு நடப்பது பற்றி

அன்பு மருமகள் இசக்கிக்கு,

திருச்செந்தூரில் தொடங்கி உவரியில் முடியும்படி, நண்பர்கள் பத்துப் பேரோடு மே மாத விடுமுறையில் இரண்டே நாளில் கடலோரமாக நடந்துவிடலாம் என்று நீ போட்டிருக்கும் திட்டத்தைப் படித்தேன். கைபேசி வரைபடத்தில் பார்த்தால் கரை ஒரே கோடாகத்தான் தெரியும். சுமார் 40 கிலோமீட்டர், நாளுக்கு 20 என்று வகுத்துவிடவும் தோன்றும். இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். அலையோரமாக மட்டும் நடக்காதே. விடியலில் கடல், வெயில் ஏறியதும் பனங்காடு என்று மாறி மாறி நட. அதற்கு நான்கு நாள் ஒதுக்கு.

முதலில் மாதத்தை மாற்ற வேண்டும். சித்திரை வெயிலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; ஆனால் அந்த மாதங்களில்தான் தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் நெடிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறி வரும். கள்ளக்கடல் என்று அதைச் சொல்வார்கள். ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது என்றாலும், கால் புதையாமல் நடக்க வசதியான ஈரமணல் குறுகலான ஒரு பட்டைதான் என்பதால், அதில் நடப்பவர்களைத்தான் அந்த அலை முதலில் தொடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, தேரி என்னும் செம்மணல் குன்றுகளின் மணலை வாரி முகத்தில் அடிக்கும். தசரா நாட்களில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வேடம் கட்டி வரும் கூட்டத்தில் உங்களுக்குத் தங்க இடம் கிடைக்காது. அதை வேறொரு முறை தனியாக வந்து பார். மாசியில் வாருங்கள். பதனீர் வேண்டுமென்றால் பங்குனிக்குத் தள்ளலாம், வெயிலுக்கு நான் பொறுப்பில்லை.

முதல் நாள் திருச்செந்தூர் கோயில் அருகே இருக்கும் நாழிக்கிணற்றில் தொடங்குங்கள். கடலுக்கு இத்தனை அருகில் உப்பில்லாத தண்ணீர் எப்படி ஊறுகிறது என்று உன் நண்பர்கள் கேட்பார்கள்: மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைந்தது, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. அங்கிருந்து ஆலந்தலை வரை கரையிலேயே நடக்கலாம். அதற்கு மேல் கல்லாமொழியில் அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் என்று கரை துண்டு துண்டாகிவிட்டது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். காவலர்களிடம் வாதாடிக்கொண்டு நிற்காமல் அங்கெல்லாம் சாலைக்கு ஏறிவிடுங்கள். இரவு உடன்குடியில் நம் வீட்டு மொட்டைமாடி இருக்கிறது. மறுநாள் இரவும் அதுதான்.

இரண்டாம் நாளை முழுவதும் தேரிக்குக் கொடு என்று வற்புறுத்துகிறேன். கடலைப் பார்க்க வந்தவர்களை உள்நாட்டுக்கு ஏன் இழுக்கிறார் இந்த மாமா என்று முணுமுணுப்பு எழும். எழட்டும். தேரிக்குடியிருப்புப் பக்கம் குன்று குன்றாகக் கிடக்கும் அந்தச் செம்மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறத்தைத் தருகிறது. கடல் மட்டமும் காற்றும் காலங்காலமாக மாறியதன் தடம் அது. கற்கால மனிதர்கள் பயன்படுத்திய சிறு கற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல், பையில் போட வேண்டாம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், சுற்றிலும் வறண்ட மணல் இருக்க நடுவில் சுனையைப் பார்த்தால், நாழிக்கிணறு பற்றிச் சொன்னது இன்னும் தெளிவாக விளங்கும். திரும்பி வரும்போது கருப்பட்டி வாங்குங்கள். சீனிப்பாகு கலந்ததும் விற்கிறார்கள் என்பதால் கடையை நான் காட்டுகிறேன்.

மூன்றாம் நாள் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். அதன் கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. குகைக்குள்ளும் ஒரு நன்னீர்க் கிணறு உண்டு. ஆலயம் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், கொழும்போடு வாணிகம் செய்தவர்கள் கட்டிய வீடுகள் நிற்கும் தெருக்களிலும் நடந்து பாருங்கள். கரையில் காய்கிற வலையை ஒருவரும் மிதிக்கக் கூடாது. மீன் ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று படம் எடுக்கக் கூடாது. நீங்கள் விடுமுறைக்கு வந்திருக்கும் இடத்தில் அவர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். வள்ளங்கள் வந்து சேர்வதைப் பார்க்க ஆசையிருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடு, அன்று கடலுக்குப் போக மாட்டார்கள். அங்கே தங்க முன்கூட்டியே இடம் பேசி வைக்க வேண்டும். கருமேனியாற்றின் முகத்துவாரத்தை எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்கிக் கடக்காதீர்கள். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காம் நாள்தான் நீண்ட நடை. பெரியதாழையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்திருக்கிறார்கள். பாறைகளின் மேல் ஏறித் தாண்ட முயலாமல் ஊருக்குள் புகுந்து வெளியே வாருங்கள். தண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உவரியில் கப்பல் மாதா ஆலயம் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். சுயம்புலிங்க சுவாமி கோயிலில், கடலுக்குள்ளிருந்து ஓலைப்பெட்டியில் மண் சுமந்து வந்து கரையில் கொட்டும் நேர்த்திக்கடன் உண்டு. உன் நண்பர்கள் தாங்களும் சுமக்க விரும்பினால் தடுக்காதே, ஆனால் விளையாட்டாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லி வை. அங்கிருந்து திசையன்விளைக்குப் பேருந்து ஏறினால், திருநெல்வேலி இரவு ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கும்.

தேதி முடிவானதும் எழுது. எத்தனை பேர் மீன் சாப்பிடாதவர்கள் என்பதையும் சேர்த்து எழுது; அத்தை அதைத்தான் முதலில் கேட்கிறாள்.

அன்புடன்,
தாய்மாமன்,
உடன்குடி