குள்ளனை வயிற்றிலிருந்து இறக்கிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், உதரவிதானத்தை ஜெர்மன்காரர்கள் ‘ட்ஸ்வெர்ஷ்ஃபெல்’ என்பார்கள், அதாவது ‘குள்ளனின் தோல்’ என்று போட்டிருக்கிறீர்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குள்ளன் எப்படி வந்தான், அவன் தோலை உரித்தது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. குள்ளன் ‘ட்ஸ்வெர்க்’. இது ‘ட்ஸ்வெர்ஷ்’, குறுக்கே என்று பொருள்படும் பழைய சொல். இன்று அதையே ‘க்வேர்’ என்கிறார்கள். ‘ஃபெல்’ என்றால் தோல், இங்கே சவ்வு. ஆக, குறுக்குச் சவ்வு. செவிப்பறைக்கு அவர்கள் வைத்த பெயரும் ‘ட்ரொம்மெல்ஃபெல்’, முரசுத் தோல்தான். நாமும் பறை என்றுதானே சொல்கிறோம்?

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். ஜெர்மனியில் 26 வருடம் செவிலியராக இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியின் குறிப்பில் குள்ளனுக்குரிய எழுத்தைப் போட்டுவிட்டேன். மூத்த செவிலியர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் கூர்க்குல்லாய் வைத்த குள்ளன் ஒருவனையும் வரைந்தார். அப்புறம் உள்ளங்கையைத் தன் விலாவுக்குக் கீழே படுக்கவைத்து, ‘க்வேர், க்வேர்’ என்றார். வார்டே சிரித்தது. (வயிறு குலுங்கச் சிரிப்பதை அந்த ஊரில் ட்ஸ்வெர்ஷ்ஃபெல் அதிரச் சிரிப்பது என்பார்கள்.)

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பின் ‘ஷ்லுஸ்ஸெல்பைன்’ என்ற பெயரை ‘சாவிக்கால்’ ஆக்கினீர்கள். ‘பைன்’ இன்று கால். அந்தக் காலத்தில் எலும்பு. சாவி என்பது அந்த எலும்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள்! தீபாவளி மலர் பொங்கலுக்கு வந்து சேர்ந்ததே என்று எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. சரி, அது தபால்காரர் தப்பாகவே இருக்கட்டும்.

ஜெர்மன் படிக்கும் என் பேத்தி இப்போது உங்கள் பக்கத்தைக் காட்டி என்னைத் திருத்துகிறாள். ‘அச்சிலேயே வந்திருக்கு பாட்டி’ என்கிறாள்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், அதே மொழிப் பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பழைய சந்தாதாரர்