எல்.கே.ஜி. இலவச இடங்களும் அங்கன்வாடியும்: பெற்றோர் கவனத்திற்கு

திருப்பூர், பல்லடம் வட்டாரப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 12(1)(இ) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். மழலையர் வகுப்பு உள்ள பள்ளிகளில் இது எல்.கே.ஜி. சேர்க்கைக்கும் பொருந்தும். அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. இத்தொகை தாமதமானால் அதைப் பள்ளிக்கும் அரசுக்கும் இடையிலான கணக்காகத்தான் கருத வேண்டும். பெற்றோரிடம் கேட்பது முறையன்று.

நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் இரண்டு இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். வெளியூரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருப்போருக்கு முகவரிச் சான்றுதான் பெரும் தடையாகிறது. அருகில் வசிப்பதைக் காட்டினால்தான் இடம் என்ற விதி, அடிக்கடி வீடு மாறும் இவர்களையே முதலில் வெளியே நிறுத்துகிறது என்பது என் கருத்து.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வியும் சத்துணவும் இலவசம். ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் தாய்க்கு மாலைக்கு முன்பே மூடும் மையம் போதாது. எனவே, நேர நீட்டிப்புக் கோரும் மனுவை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அளிக்க எண்ணியுள்ளோம். கையொப்பமிட விரும்புவோர் குழு நிர்வாகியிடம் தனிச்செய்தியில் தெரிவிக்கவும்.