தண்ணீர் வேறு, சோறு வேறு

தென்காசி,
மார்கழி 12

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. உன் பெரிய மகளுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றதும் திரும்பவும் ஒருமுறை நிதானமாகப் படித்தேன். "அவள் இனிக் காலமெல்லாம் கஞ்சியும் ரசமும்தானா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லை, வசந்தா. நான் செய்துகொண்டு பதினான்கு மாதமாகிறது. இன்று மதியம் சாளைமீன் குழம்பு சாப்பிட்டேன். அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடு.

எனக்குச் செய்த ஸ்லீவ் முறைதான் அவளுக்கும் என்று எழுதியிருக்கிறாய். வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் பகுதியில்தான். அதனால் தொடக்க மாதங்களில் எனக்குப் பசியே தெரியவில்லை, மணி பார்த்துச் சாப்பிட்டேன். சிகிச்சைக்கு முன்பே சுமார் இரண்டு வாரம் அரைவயிற்று உணவுதான் கொடுப்பார்கள். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அதன் அடியில் இருக்கும் இரைப்பை மருத்துவரின் கருவிக்கு எட்டும். அந்த நாட்களில் அவள் முகம் வாடித்தான் இருக்கும். மனம் இளகி ஒரு தோசை வார்த்துக் கொடுத்துவிடாதே.

எனக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் கடினமாக இருந்தது. நம் வீடுகளில் இலை போட்டதும் முதலில் வைப்பது தண்ணீர். விக்கினால் ஒரு மடக்கு, உறைத்தால் ஒரு மடக்கு, எழுந்திருக்கும்போது ஒரு சொம்பு. அதுவும் உதடு படாமல் அண்ணாந்து. எச்சில் பண்ணிக் குடித்தால் என் பாட்டி அந்த டம்ளரைக் கழுவப் போட்டுவிடுவாள். ஆனால் அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீரோடு காற்றும் இறங்குகிறது. மடமடவென்று விழும் நீரைத் தாங்க அந்தக் குழாயில் இடம் கிடையாது. ஐம்பத்து நான்கு வயதில் உதடு வைத்து உறிஞ்சிக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் செவிலியர் கொடுத்தது மருந்து மூடியில் 30 மில்லி. அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரமானது.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் போக வேண்டும். சேர்த்துக் குடித்தால் நெஞ்சு வரை அடைத்துக்கொண்டு வலிக்கும், அல்லது உணவு சீக்கிரம் கீழே இறங்கிவிட்டு மறுபடியும் சாப்பிடத் தோன்றும். ஆனாலும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும். நான் அரை லிட்டர் பாட்டில் மூன்றைச் சமையல் மேடையில் வரிசையாக நிறுத்திவைத்தேன். படுக்கப் போகுமுன் மூன்றும் காலியாக வேண்டும் என்பது கணக்கு. மூன்றாம் வாரம் ஒருநாள் இரண்டாவது பாட்டிலோடு விட்டுவிட்டேன். மறுநாள் காலை எழுந்ததும் தலை சுற்றி, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் பெண் ஒரு பாட்டிலைக் கையிலேயே வைத்திருக்கட்டும். கோலி சோடா, கலர் போன்ற வாயு நிறைந்த பானம் எதுவும் வேண்டாம். காபியை மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்கட்டும். எனக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு அரை டம்ளர் கிடைத்தது.

முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும்: பருப்புத் தண்ணீர், மோர், வடிகட்டிய சூப், புரதப் பொடி கலந்த பால். அடுத்த இரண்டு வாரம் மசித்தவை. பிறகு மெத்தென்று இருப்பவை. இரண்டு மாதத்துக்குள் வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே நானும் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். ஐந்தாம் வாரம் சாப்பிட்ட அவித்த முட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைச் சிறு கரண்டியால் நகம் அளவுக்கு வெட்டி, கூழாகும் வரை மென்று விழுங்கினேன். பாதி முட்டை, இருபது நிமிடம். அதற்கு மேல் ஒரு துளி இறங்கவில்லை. முழுத்தட்டு பிரியாணியிலும் எனக்குக் கிடைக்காத நிறைவு அதில் இருந்தது.

தட்டில் வரிசையும் மாறிவிட்டது. ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம்தான். எனவே மீன், முட்டை, பனீர், சுண்டல் என்று புரதம் முதலில், அடுத்து காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சாதம். சோற்றுக்குக் கூட்டு தொட்டுக்கொண்ட காலம் போய், கூட்டுக்குச் சோறு தொட்டுக்கொள்கிறேன். பேரன் சாப்பிட்டுப் பழகிய எவர்சில்வர் கிண்ணம்தான் இப்போது எனக்கும். வயிறு நிறைந்தால் எனக்கு மூக்கில் நீர் துளிர்க்கும், ஒரு விக்கல் வரும். அந்த விக்கலுக்கு அடுத்த வாய் வைக்கக் கூடாது.

நான்காவது மாதம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். என்னைத் தூக்கி வளர்த்த சின்னம்மா, "எலும்பாகிவிட்டாயே, என் கையால் ஒரு வாய்" என்று எலுமிச்சை சாதத்தை உருட்டி வாயில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியவில்லை, சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குள் கல் வைத்து அழுத்துவது போல் ஒரு வலி. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லைப் பிடித்தபடி எத்தனை நேரம் நின்றேனோ, அந்த ஒரு வாய் திரும்பி வெளியே வந்த பிறகுதான் மூச்சு சீரானது. சின்னம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். அவள் செய்தது அன்பினால் அல்லாமல் வேறு எதனால்?

அதனால்தான் இதை உனக்கு அழுத்திச் சொல்கிறேன். கத்தி படப்போவது அவள் வயிற்றில். ஆனால் பழக்கம் மாற வேண்டியது உன் கைக்கும்தான். பாளையங்கோட்டை விடுதிக்கு நீ ஊரிலிருந்து தூக்குவாளி நிறைய முறுக்குக் கொண்டுவந்து அறை முழுக்கப் பங்கு வைத்தவள். "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லாமல் உன்னால் பரிமாறவே முடியாது, எனக்குத் தெரியும். அவள் போதும் என்றால் கிண்ணத்தை எடுத்துவிடு. ஏன் மிச்சம் வைத்தாய் என்று கேட்காதே. அவளோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிரு, அது போதும்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எதையும் விடக் கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் சாப்பிட வேண்டும். இரும்போடு காபி, டீ கூடாது. நான்காவது மாதம் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பத்தாம் மாதம் வகிட்டில் புதுமுடி முளைத்தது. அவள் பயப்பட வேண்டாம். இன்னொன்று: புதிதாக மணமானவள். பிள்ளைப்பேற்றை ஒன்றேகால், ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும் என்பதால் தம்பதி இருவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளட்டும். பெங்களூரில் அலுவலக விருந்துகளில் மது உண்டு என்று நீயே ஒருமுறை வருத்தப்பட்டாய். அதையும் ஒளிக்காமல் சொல். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடப் போனவர்களும் உண்டு.

பசி குறைந்தாலும் நாக்கு மாறவில்லை, வசந்தா. மிக்சரும் ஐஸ்கிரீமும் அந்தச் சிறிய குழாய்க்குள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். நாள் முழுதும் கொறித்தால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். மாலையில் சாரல் விழும்போது பஜ்ஜி வாசனை வந்தால் எனக்கு இப்போதும் கால் அந்தப் பக்கம் திரும்புகிறது. குடையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறேன். 118 கிலோவிலிருந்து 82க்கு வந்திருக்கிறேன். இன்சுலின் ஊசி நின்று, ஒரு மாத்திரையோடு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் கோயில் படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறேன். பெரியவளும் வருவாள் என்று எழுதியிருந்தாயே, அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நெத்திலிக் குழம்பு வை, காரம் குறைத்து. சர்க்கரைப் பொங்கல் எனக்கு ஒரு கரண்டி. கிண்ணத்தை நானே கொண்டுவருகிறேன். அவளுக்கும் அதே அளவில் ஒன்று பாத்திரக்கடையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
கமலா